ஒரு ‘மே’... ரெண்டு அர்த்தம்!

வலங்கைமானில் காலை பஸ்ஸைப் பிடித்து கும்பகோணம் காலேஜுக்கு வருகிற ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் ஒரு கால், காற்றில் ஒரு கால். தை மாதம் சம்பா அறுவடை, பங்குனியில் பாடைக் காவடி, நடுவில் தாய்மாமா வீட்டு விசேஷம் என்று இந்த செமஸ்டரில் அவன் அடித்த கட் கொஞ்சம் ஓவர். உள்ளே நுழைந்தால் நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர் தொங்குகிறது:

‘ஸ்டூடன்ட்ஸ் வித் அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் மே நாட் ரைட் தி எக்ஸாம்.’

(கற்பனை போர்டுதான் பாஸ். எந்தக் காலேஜ் என்று தேடாதீர்கள்!)

பையனுக்கு வயிற்றில் புளி கரைகிறது. பக்கத்தில் நிற்கிற நண்பன் இங்கிலீஷ் லிட்ரேச்சர். அவன் தோளில் கைபோட்டு, “டேய், ‘மே நாட்’டுனுதானே போட்டிருக்கு? ‘எழுதாமப் போகலாம்’னு அர்த்தம். எழுதினாலும் எழுதலாம்ல? விடு மச்சி, டீ சாப்பிடலாம் வா” என்கிறான். ஆபீஸ் ஜன்னலில் கிளார்க் வேறு தீர்ப்பு கொடுக்கிறார். “எழுதக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா தம்பி?”

யார் சொன்னது சரி? வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பேருமே சரி. எழுதினவர் என்ன நினைத்தார் என்பது வேற விஷயம். எழுதப்பட்ட வாக்கியம் ரெண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ‘நாட்’ என்கிற வார்த்தை யாரோட ஜோடி என்பதுதான் பிரச்னை. ‘மே’யோடு ஜோடி சேர்ந்தால், அனுமதி இல்லை. ‘ரைட்’டோடு ஜோடி சேர்ந்தால், எழுதாமல் இருக்க வாய்ப்பு இருக்கிறது. வாயால் சொல்லும்போது குரலில் ஒரு அழுத்தம் கொடுத்தால் புரிந்துவிடும். பேப்பருக்குக் குரல் கிடையாதே!

நம்ம தமிழ் மட்டும் என்ன, ரொம்ப சுத்தமா? ‘நாளைக்கு ராமு வரலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். ராமுவுக்குப் பர்மிஷன் கொடுத்தாச்சா, இல்லை வந்தாலும் வருவானா? நம்ம ‘லாம்’, இங்கிலீஷ் ‘மே’வோட ஒட்டிப் பிறந்த தம்பி மாதிரி. ஆனால், ‘இல்லை’ என்று சொல்கிற நேரத்தில் தமிழ் உஷாராகிவிடுகிறது. ‘வரக் கூடாது’ வேறு, ‘வராமல் போகலாம்’ வேறு. குழப்பத்துக்கு இடமே இல்லை. இங்கிலீஷ் ரெண்டையும் ஒரே ‘மே நாட்’டில் திணித்து வைத்திருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குட்டி ‘மே’யை வைத்து, நம்ம ஊரில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. டெல்லி பார்லிமென்ட்டில் தொடங்கி சிதம்பரம் வரைக்கும் வந்த சண்டை. அதற்குப் போவதற்கு முன்னால், கொஞ்சம் கேன்டீன் அரட்டை.

வார்டன் கையிலா, என் கையிலா?

‘ஐ ஸா தி வார்டன் வித் மை பைனாகுலர்ஸ்.’ நான் பைனாகுலர் வழியாக வார்டனைப் பார்த்தேனா? இல்லை, என் பைனாகுலரைச் சுட்ட வார்டனைப் பார்த்தேனா? ‘வித்’ என்கிற வால் ‘ஸா’வில் ஒட்டுகிறதா, ‘வார்டன்’ மேல் ஒட்டுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் குற்றவாளி யார் என்பதே தெரியும்.

‘ஹி செட் ஆன் மண்டே ஹி வுட் கிவ் எ டெஸ்ட்.’ திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை டெஸ்ட்டா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சினிமாவுக்குப் போகலாமா வேண்டாமா என்பது இந்த ஒரு வரியில் தொங்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு ரெண்டு பக்கமும் பார்க்கிற இந்த மாதிரி வார்த்தைக்கு, இங்கிலீஷ் இலக்கண வாத்தியார்கள் ‘மாறுகண்’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘ஃப்ரீ பஸ் ஃபார் ஃபைனல் இயர் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்.’ ஃபைனல் இயர் பையன்களும் எல்லா இயர் பொண்ணுங்களும் ஏறலாமா? பையன்கள் இப்படித்தான் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சிரிச்சாச்சா? இதே வால் விவகாரத்தில் ஒரு மனுஷனைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். ரோஜர் கேஸ்மென்ட் என்கிற அயர்லாந்துக்காரர். முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனிக்குப் போய், அங்கே சிறைப்பட்டிருந்த ஐரிஷ் வீரர்களை பிரிட்டனுக்கு எதிராகத் திரட்டப் பார்த்தார். அவர் மேல் பாய்ந்தது 1351-ம் வருடத்து ராஜத்துரோகச் சட்டம். நாட்டுக்குள்ளே இருந்துகொண்டு எதிரிக்கு உதவினால் மட்டும்தான் துரோகமா, வெளிநாட்டில் இருந்து உதவினாலும் துரோகமா? ‘நாட்டிலோ வேறெங்கோ’ என்கிற மாதிரி வருகிற ஒரு வால், வாக்கியத்தில் எதோடு ஒட்டுகிறது என்பதுதான் வழக்கே. பழைய கையெழுத்துப் பிரதியில் நிறுத்தக்குறி எங்கே இருக்கிறது என்று நீதிபதிகளே நேரில் போய்ப் பார்த்தார்கள். 1916 ஆகஸ்ட் 3-ம் தேதி கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். ‘கமாவில் தொங்கியவர்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைத்தால், தமிழ் மேஜர் ஸ்டூடன்ட்ஸ் அடிக்க வருவார்கள். நோம் சாம்ஸ்கி 1957-ல் போட்ட தன் புகழ்பெற்ற மொழியியல் புத்தகத்தில், ‘தி ஷூட்டிங் ஆஃப் தி ஹன்டர்ஸ்’ என்று ஒரு தொடரைக் காட்டி, வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா என்று கேட்டார். தொல்காப்பியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே இதற்கு ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பேரே வைத்துவிட்டார். உரைகாரர்கள் காட்டுகிற உதாரணம் ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டாம் வேற்றுமையும் வரும், மூன்றாம் வேற்றுமையும் வரும். அடுத்து வருகிற வார்த்தையைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். யானை ஓடியது என்று வந்தால் செத்தது புலி. யானையின் தந்தத்தைக் கொண்டுவந்தார்கள் என்று வந்தால், செத்தது யானையாகத்தான் இருக்கும். காளமேகப் புலவர் சிலேடையில் வேணும்னே ரெண்டு அர்த்தம் வைத்தார். இது வேண்டாமலே வந்து உட்காருகிற ரெண்டு அர்த்தம்.

தொல்காப்பியர் சொன்னது நல்ல வழிதான். ஆனால் அடுத்த வார்த்தை வருவதற்குள் நாடு பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டிவந்தால்?

வலங்கைமானின் வெள்ளி நாக்கு

நம்ம பையன் பஸ் ஏறினானே, அந்த வலங்கைமானுக்கு ஒரு தடவை போய்வரலாம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாடைகட்டி மாரியம்மன் கோயிலும் வெடிக்கடைகளும்தான் ஞாபகம் வரும். பக்கத்து ஆலங்குடி குரு கோயிலுக்குப் போகிற கூட்டம், இந்த ஊரைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

1869 செப்டம்பர் 22-ம் தேதி, இங்கே ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் பள்ளி, கும்பகோணத்திலேயே காவிரிக்கரை அரசுக் கல்லூரி. 1888-ல் பி.ஏ. பிறகு மாயவரத்தில் பள்ளி ஆசிரியர், சேலத்தில் ஆசிரியர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். நம்மைப் போல ‘தமிழ் மீடியம் சார், இங்கிலீஷ் கொஞ்சம் வீக்’ என்று சொல்ல நூறு காரணம் இருந்த வீட்டுப் பிள்ளை. அவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டு லண்டன்காரர்கள் ‘வெள்ளி நாக்குப் பேச்சாளர்’ என்றார்கள். நாமெல்லாம் ஸ்கூலில் பார்த்துப் பயந்த நெஸ்ஃபீல்டு இலக்கணப் புத்தகம் இருக்கே, அதிலேயே பிழை கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1933-ல் காந்தி ‘ஹரிஜன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் இங்கிலீஷைச் சரிபார்த்துச் சொல்லச் சொன்னது இவரிடம்தான். காந்தியின் அரசியலோடு அடிக்கடி மோதிய மனுஷன், நட்பில் மட்டும் கடைசிவரை அண்ணன்.

சாஸ்திரிக்கும் ரெட்டை அர்த்தம் பழக்கமானதுதான். 1927-ல் தென்னாப்பிரிக்காவோடு ஏற்பட்ட கேப்டவுன் ஒப்பந்தத்துக்காகப் பேசப் போன இந்தியக் குழுவில் அவர் இருந்தார். பிறகு 1929 வரை இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக அங்கேயே இருந்தார். அந்த ஒப்பந்தத்தில் ‘மேற்கத்திய வாழ்க்கைத் தரம்’ என்று ஒரு தொடர் வரும். அந்தத் தரத்துக்கு உயர விரும்புகிற இந்தியர்களுக்கு வழி செய்து கொடுக்க வேண்டும் என்று நம் பக்கம் படித்தது. அந்தத் தரத்தைக் காப்பாற்ற இந்தியர்களைக் கப்பல் ஏற்றி அனுப்பலாம் என்று அந்தப் பக்கம் படித்தது. சாஸ்திரி நம் பக்க அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு டர்பனில் இந்திய மாணவர்களுக்காக ஒரு கல்விக்கூடத்தையே எழுப்ப வைத்தார். சாஸ்திரி காலேஜ் என்றே அதற்குப் பெயர்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழ்ப் பற்றாளர்களுக்கு அவர் மேல் கோபம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1940-ல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்குத் தலைவராக இருந்து, வடமொழிப் பக்கம் சாய்ந்தார் என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 1946 ஏப்ரல் 17-ல் மறைந்தார்.

அவர் மறைந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அவர் வாத்தியாராக இருந்த மாயவரத்திலும், துணைவேந்தராக இருந்த சிதம்பரத்திலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சண்டைக்கு நடுவில் நின்றது ஓர் இங்கிலீஷ் வார்த்தை. சாஸ்திரி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசைக் கேள்வி.

‘ஷல்’ போய் ‘மே’ வந்தது

அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு என்ன சொல்கிறது? மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி. ஆனால் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 வருஷத்துக்கு ஆங்கிலம் தொடரும். அந்தத் ‘தொடரும்’ என்கிற இடத்தில் சட்டத்தில் இருக்கிற வார்த்தை ‘ஷல்’. கண்டிப்பாகத் தொடரும். 15 வருஷம் முடிகிற நாள் 1965 ஜனவரி 26. அதற்குப் பிறகும் ஆங்கிலம் வேண்டுமானால், பார்லிமென்ட் தனிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.

இந்தி பேசாத மாநிலங்களின் மேல் இந்தியைத் திணிக்க மாட்டோம், அந்த மக்கள் விரும்புகிறவரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959 ஆகஸ்ட்டில் பிரதமர் நேரு பார்லிமென்ட்டில் உறுதிமொழி கொடுத்தார். நல்ல வார்த்தை. ஆனால் உறுதிமொழி சட்டம் ஆகாதே! அதைச் சட்டமாக்குகிறோம் என்று சொல்லி 1963-ல் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. கொண்டுவந்தவர், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி. (நம்ம வலங்கைமான் சாஸ்திரிக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை.)

மசோதாவின் மூன்றாவது பிரிவைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 15 வருஷம் முடிந்த பிறகும் இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட... ‘மே’!

பயன்படுத்தப்பட‘லாம்’. நம்ம ‘லாம்’ வந்துவிட்டது பார்த்தீர்களா? பயன்படுத்த அனுமதி உண்டு என்றும் படிக்கலாம். பயன்படுத்தினாலும் படுத்துவோம், விட்டாலும் விடுவோம் என்றும் படிக்கலாம். இன்னும் கூர்ந்து பார்த்தால், அந்தச் சின்னச் சட்டத்துக்குள்ளேயே நாலாவது பிரிவில், பத்து வருஷம் கழித்து இந்தியின் வளர்ச்சியை ஆராய ஒரு கமிட்டி அமைக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. அங்கே வார்த்தை ‘ஷல்’! கமிட்டி கண்டிப்பாக வரும், ஆங்கிலம் வந்தால் வரும். அரசியல் சட்டத்தில் ஆங்கிலத்துக்கு இருந்த ‘ஷல்’, இந்தச் சட்டத்தில் கமிட்டிக்குப் போய்விட்டது.

மாநிலங்களவையில் அப்போது உறுப்பினராக இருந்தவர் அண்ணா. ‘பிகாஸ்’ என்ற வார்த்தை மூன்று தடவை அடுத்தடுத்து வருகிற மாதிரி அவர் வாக்கியம் சொன்ன கதை எல்லா காலேஜ் ஹாஸ்டலிலும் உலவுகிறது. அது கதை. இது நிஜம். ‘மே’யில் ‘மே நாட்’டும் ஒளிந்திருக்கிறது, ‘ஷல்’ என்று மாற்றுங்கள் என்பதுதான் அவர் கட்சி. நேருவின் பதில், இந்த இடத்தில் ‘மே’க்கும் ‘ஷல்’லுக்கும் ஒரே அர்த்தம்தான் என்பது. உடனே எதிர்த்தரப்பு கேட்டது: ஒரே அர்த்தம் என்றால் ‘ஷல்’ என்றே போட்டுவிடுங்களேன், உங்களுக்கு என்ன நஷ்டம்?

எனக்குத் தெரிந்து, இலக்கண வகுப்பில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய மிகச் சிறந்த கேள்வி இது. இதற்குப் பதில் வரவில்லை. மசோதா அதே ‘மே’யோடு நிறைவேறி, மே மாதத்திலேயே ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்றது. (காலண்டர் கூடக் கிண்டல் பண்ணுகிறது!)

நேரு சொன்னது பச்சைப் பொய்யா? நியாயமாகப் பேசணும், இல்லை. ‘மே’ என்று எழுதியிருப்பதை ‘ஷல்’ என்று கோர்ட் படித்த வழக்குகள் நிறைய உண்டு. அதே 1963-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்று. உத்தரப்பிரதேசத்தில் ஓர் அரசு அதிகாரி மேல் ஒழுங்கு நடவடிக்கை. கெஜட்டட் அதிகாரி தானே கேட்டுக்கொண்டால், அவர் கேஸை கவர்னர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப ‘மே’ என்று விதி. ‘மே’தானே, அனுப்பினால் அனுப்புவோம் என்றது மாநில அரசு. கேட்கிற உரிமையை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டு, அனுப்புவதும் அனுப்பாததும் எங்கள் இஷ்டம் என்றால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு? இங்கே ‘மே’ என்றால் ‘ஷல்’தான் என்று கோர்ட் தீர்த்துவிட்டது.

இன்னொரு வழக்கு இதைவிட சுவாரஸ்யம், அதில் நம்ம கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வருகிறார். 1984-ல் தன் சின்னப் பையன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, கணவரும் சேர்ந்து ஒத்துக்கொண்டு, கார்டியனாகத் தாயே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். காரணம், 1956-ம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தில் இருக்கிற ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்கிற வரி. அவருக்குப் பின் என்றால்? அவர் செத்த பிறகா? வீட்டில் அம்மாதான் ஃபீஸ் கட்டுகிறாள், அம்மாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், ஆனால் கையெழுத்துப் போடும் தகுதி வர அப்பா சாகணுமா? 1999 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், ‘ஆஃப்டர்’ என்பதை ‘இறந்த பின்’ என்று மட்டும் படிக்கக் கூடாது, ‘அவர் கவனிக்காத, இல்லாத நிலையில்’ என்றும் படிக்க வேண்டும் என்றது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிக்கிற விதம் மாறியது. அதற்குப் பதினைந்து வருஷம் ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று நேரு சொன்னது தப்பில்லை, சில சமயம் ஒண்ணுதான். அந்தச் ‘சில சமயம்’ எது என்று முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் பயம். 1964 மே 27-ல் நேரு போய்விட்டார். வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவர் இல்லை. வார்த்தை மட்டும் இருந்தது.

1965

ஜனவரி 26 வந்தது. அது குடியரசு நாள். துக்க நாள் என்று அறிவித்தது தி.மு.க. அதற்கு முந்தின நாளே மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்து, தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முன்னால் நின்றது கட்சிக்காரர்கள் இல்லை, காலேஜ் பசங்க. இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆனால் மத்திய அரசு வேலைப் பரீட்சைகளில் தங்கள் கதி என்ன என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. வெறும் ஒரு ‘மே’க்காக யாரும் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்தாமல் விட்டு வைத்திருந்தது அந்த ‘மே’தான்.

ஜனவரி 27. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ராஜேந்திரன் என்கிற மாணவர் செத்துப்போனார். அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள், உங்கள் வயசுதான் அவருக்கும். மார்ச் மாதம் மாயவரத்தில், ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். தற்கொலையை வீரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு பத்தொன்பது, இருபது வயசுப் பையனை அந்த இடத்துக்குத் தள்ளின பயம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று மட்டும் யோசிக்கிறேன். மொத்தம் சுமார் 70 பேர் இறந்ததாக அரசுத் தரப்புக் கணக்கே சொன்னது.

பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். அன்று இரவே, பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார். நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். ‘மே’ மசோதாவைக் கொண்டுவந்த அதே சாஸ்திரி.

‘ஷல்’ கிடைத்ததா?

1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறி, அண்ணா முதல்வர் ஆனார். அந்த வருஷக் கடைசியில் ஆட்சிமொழிகள் சட்டத் திருத்தம் பார்லிமென்ட்டில் நிறைவேறி, 1968 ஜனவரி 8-ல் ஒப்புதல் பெற்றது.

இப்ப ஒரு ஹோம்வொர்க். அந்தத் திருத்திய மூன்றாவது பிரிவை லைப்ரரியில் எடுத்துப் படியுங்கள். முதல் வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? அதே ‘மே’! மாற்றவே இல்லை. டெல்லிக்கு ரோஷம் போல.

ஆனால் அதற்குக் கீழே பாருங்கள். மத்திய அரசுக்கும், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் நடுவில் போகிற கடிதங்களுக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட ‘ஷல்’. அண்ணா கேட்டது, வாசல் வழியாக இல்லாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்திருக்கிறது. அப்புறம் ஐந்தாவது உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டசபைகளும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் போட்டு, அதைப் பார்த்துவிட்டு பார்லிமென்ட்டின் ரெண்டு சபைகளும் தீர்மானம் போடுகிறவரைக்கும், இந்த ஏற்பாடு அமலில் இருக்க ‘ஷல்’. அந்த ‘வரைக்கும்’ என்கிற இடத்தில் ‘அன்டில்’ என்று ஒரு வார்த்தை.

எல்லா மாநிலங்களும் என்று இருக்கிறது. ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் பூட்டு திறக்காது. அந்தப் பழைய ‘மே’ இன்றைக்கும் முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வாலை ஆட்ட முடியாதபடி அதைச் சுற்றி ரெண்டு ‘ஷல்’லும் ஒரு ‘அன்டில்’லும் காவல் இருக்கின்றன. தொல்காப்பியர் சொன்ன மாதிரி, அடுத்து வருகிற வார்த்தைகள்தான் அர்த்தத்தைக் கட்டிப்போட்டன.

அது சரி, நம்ம வலங்கைமான் பையன் என்ன ஆனான்? நண்பன் கூப்பிட்ட டீயைக் குடிக்கப் போகவில்லை. நேராக ஆபீஸ் ஜன்னலுக்குத் திரும்பி வந்து, சுத்தமான தமிழில் கேட்டான்:

“சார், எழுதக் கூடாதுங்கறீங்களா, எழுதாமப் போகலாங்கறீங்களா? போர்டுல ரெண்டும் வருது சார்.”

கிளார்க் முறைத்தார். எழுந்து வந்து போர்டை ஒரு தடவை, ரெண்டு தடவை படித்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். ‘மே’யை அடித்துவிட்டு மேலே ‘ஷல்’ என்று எழுதினார்.

பையன் இப்போது, கண்டோனேஷன் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.